குரல் மறையும் முன்னே

வீடு மாறுவதற்காக ஒரு குடும்பம் பொருள்களைப் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அலமாரியின் மேல்தட்டில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது. அதைத் திறந்தால் ஏழெட்டு ஒலிநாடாக்கள், அதாவது கேசட்டுகள். அவற்றுள் பெரும்பாலானவை திரைப்படப் பாடல்கள். ஒன்றின்மீது மட்டும் நீல மையால் ‘அப்பா’ என்று எழுதப்பட்டிருக்கிறது.

பேத்தி அதைப் பாட்டியிடம் கொண்டுபோய்க் காட்டுகிறாள்.

“இது என்ன பாட்டி?”

“அடடா, இன்னும் இருக்கிறதா? உன் கொள்ளுத்தாத்தா பேசியது அம்மா. கப்பலில் இங்கு வந்து சேர்ந்த கதையைச் சொல்லியிருப்பார்.”

ஆனால், அந்த வீட்டில் கேசட்டைப் போட்டுக் கேட்பதற்குக் கருவி இல்லை. அண்டை வீட்டாரிடமும் இல்லை. கொள்ளுத்தாத்தாவின் கதை கைக்குள் இருந்தும் அதைக் கேட்க முடியவில்லை.

இந்தச் சிக்கல் ஒரு குடும்பத்திற்கு மட்டும் உரியதன்று. உலகெங்கும் உள்ள ஆவணக் காப்பகங்கள், வானொலி நிலையங்கள், திரைப்பட நிறுவனங்கள் ஆகியவையும் இதே சிக்கலை எதிர்நோக்குகின்றன. ஒரு குரலைப் பதிவுசெய்துவிட்டால் அது என்றென்றும் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், பதிவுசெய்வது வேறு, பாதுகாப்பது வேறு.

அனலாக் பதிவு என்றால் என்ன?

நாம் பேசும்போது காற்றில் அதிர்வுகள் உண்டாகின்றன. ஒலிவாங்கி அந்த அதிர்வுகளை மின்னோட்டமாக மாற்றுகிறது. அந்த மின்னோட்டம் ஒலிநாடாவில் பூசப்பட்டுள்ள மிக நுண்ணிய காந்தத் துகள்களைக் காந்தமாக்குகிறது. ஒலி கூடும்போதும் குறையும்போதும் காந்த வலிமையும் அதற்கேற்பக் கூடிக் குறைகிறது. இவ்வாறு ஒலி அலையின் வடிவத்தை அப்படியே ஒரு பொருளின்மீது பதித்து வைப்பதே அனலாக் பதிவு. இசைத்தட்டில் அந்த வடிவம் பள்ளமாகப் பதிகிறது. படச்சுருளில் காட்சி ஒளியின் தடமாகப் பதிகிறது. மின்னிலக்கப் பதிவில் ஒலியும் ஒளியும் எண்களாக மாற்றப்பட்டுச் சேமிக்கப்படுகின்றன.

கேசட்டை 1963ஆம் ஆண்டில் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்தியது. ஒரு மணி நேரம் ஓடும் கேசட்டினுள் ஏறத்தாழ 90 மீட்டர் நீளமுள்ள நாடா சுற்றப்பட்டிருக்கும். அது நொடிக்கு ஐந்து சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவான வேகத்தில் நகரும். அப்படியானால், கொள்ளுத்தாத்தா ஒரு நொடி சிரித்த சிரிப்பு, ஒரு விரலின் நீளம்கூட இல்லாத நாடாத் துண்டில் இருக்கிறது. அந்தத் துண்டு கசங்கினால் சிரிப்பின் ஒலி சிதையும். அறுந்து தொலைந்தால் சிரிப்பே இல்லாமல் போகும். அனலாக் பதிவில் பொருளையும் பதிவையும் பிரிக்க முடியாது. பொருள் அழிந்தால் பதிவும் அழியும்.

நாடாவும் படச்சுருளும் எப்படி அழிகின்றன?

ஒலிநாடாவையும் காணொளி நாடாவையும் வெளியிலிருந்து பார்த்தால் அவை வெறும் பழுப்பு நிறப் பட்டைகளாகவே தெரியும். உண்மையில் அவற்றில் அடுக்குகள் உள்ளன. அடியில் இருப்பது மெல்லிய நெகிழிப் பட்டை. அதன்மேல் காந்தத் துகள்கள். துகள்களைப் பட்டையோடு ஒட்டி வைத்திருப்பது ஒருவகைப் பசை. பல நாடாக்களில் முதலில் கெடுவது இந்தப் பசைதான். சில வகைப் பசைகள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுப்பாகிவிடுகின்றன. அத்தகைய நாடாவை ஓடவிட்டால் அது கருவியில் ஒட்டிக்கொண்டு கிறீச்சிடும். துகள்களும் உரிந்து வந்துவிடும். ஒருமுறை உரிந்த துகள்களை மீண்டும் ஒட்ட முடியாது.

இத்தகைய நாடாக்களுக்கு வல்லுநர்கள் ஒரு வியப்பான சிகிச்சை அளிக்கிறார்கள். நாடாவை ஏறத்தாழ 50 பாகை செல்சியஸ் வெப்பத்தில் பல மணி நேரம் வைத்து ஈரத்தைப் போக்குகிறார்கள். அதன்பின் நாடா சில காலத்திற்கு மட்டும் நன்றாக ஓடும். அதற்குள் அதைப் படியெடுத்துவிட வேண்டும். எல்லா வகை நாடாக்களுக்கும் இந்த முறை பொருந்தாது என்பதால், இதனை வீட்டில் முயன்று பார்க்கக் கூடாது.

படச்சுருளின் கதை இன்னும் கடுமையானது. தொடக்கக் காலப் படச்சுருள்கள் நைட்ரேட் என்னும் பொருளால் செய்யப்பட்டன. அவை எளிதில் தீப்பற்றும். எரியத் தொடங்கிவிட்டால் தண்ணீருக்குள் அமிழ்த்தினாலும் அணையாது. எரிவதற்குத் தேவையான ஆக்சிஜன் அந்தப் பொருளிலேயே இருப்பதுதான் காரணம். பின்னர் எளிதில் தீப்பற்றாத அசிட்டேட் படச்சுருள்கள் வந்தன. ஆனால், அவற்றிற்கு வேறொரு நோய் உண்டு. நாளடைவில் அவை சிதைந்து, வினிகரின் புளித்த வாடையை வெளிப்படுத்துகின்றன. வெளிப்படும் அமிலம் சிதைவை மேலும் விரைவுபடுத்துகிறது. சுருள் சுருங்கி, வளைந்து, தொட்டாலே ஒடியும் நிலையை அடைகிறது. அருகில் உள்ள மற்றச் சுருள்களையும் அந்த அமிலம் தாக்கக்கூடும். ஆகவே, காப்பகப் பணியாளர்கள் படச்சுருள் பெட்டிக்குள் ஒரு சிறு நீலத் தாளை வைத்துச் சோதிக்கிறார்கள். அமிலம் இருந்தால் அந்தத் தாள் பச்சையாகவும் பின்னர் மஞ்சளாகவும் மாறும். எந்தச் சுருளை முதலில் காப்பாற்ற வேண்டும் என்பதை அந்த நிறமே சொல்லிவிடும்.

வெப்பமும் ஈரமும் இந்தச் சிதைவுகளை எல்லாம் விரைவுபடுத்துகின்றன. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ஆண்டு முழுவதும் வெப்பம்; காற்றில் ஈரப்பதமும் மிகுதி. குளிர்நாட்டு வீட்டில் பல்லாண்டுகள் தாங்கக்கூடிய நாடா, இங்கு ஒரு சமையலறை அலமாரியில் வெகு விரைவில் பூஞ்சை பிடித்துவிடலாம். அதனால்தான் காப்பகங்கள் இவற்றைக் குளிரூட்டப்பட்ட, ஈரப்பதம் கட்டுப்படுத்தப்பட்ட அறைகளில் வைக்கின்றன.

கருவிகளும் மறைகின்றன

நாடா நல்ல நிலையில் இருந்தாலும் அதை ஓட்டுவதற்குக் கருவி வேண்டும். ஒரு புத்தகத்தைப் படிக்கக் கண்களும் மொழியறிவும் போதும். நாடாவோ, அதற்கென்றே செய்யப்பட்ட கருவி இல்லாமல் ஒரு சொல்லைக்கூடச் சொல்லாது.

விஎச்எஸ் காணொளி நாடா 1976ஆம் ஆண்டில் ஜப்பானில் அறிமுகமாகி, உலகெங்கும் கோடிக்கணக்கான வீடுகளுக்குள் நுழைந்தது. திருமணம், பிறந்தநாள், பள்ளி ஆண்டுவிழா என்று எத்தனையோ நிகழ்ச்சிகள் அதில் பதிவாயின. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 2016ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், அந்த நாடாவை ஓட்டும் கருவியைத் தயாரித்துவந்த ஃபுனாய் என்னும் ஜப்பானிய நிறுவனமும் உற்பத்தியை நிறுத்திக்கொண்டது. அந்தக் கருவியைத் தயாரித்துவந்த கடைசி நிறுவனமாக அதுவே அறியப்பட்டது. இன்று ஒரு கருவி பழுதானால், இன்னொரு பழைய கருவியிலிருந்து பாகங்களைக் கழற்றித்தான் அதைப் பழுதுபார்க்க வேண்டும். அந்த வேலையை அறிந்த தொழில்நுட்பர்களும் ஓய்வுபெற்று வருகிறார்கள்.

இந்த நிலையை உணர்ந்த யுனெஸ்கோ அமைப்பு, காந்த நாடாக்கள் குறித்து 2019ஆம் ஆண்டில் ஓர் எச்சரிக்கைத் திட்டத்தைத் தொடங்கியது. ஏறத்தாழ 2025ஆம் ஆண்டுக்குப் பிறகு நாடாக்களைப் பெருமளவில் மின்னிலக்கமாக்குவது மிகக் கடினமாகிவிடும் என்பதே வல்லுநர்களின் கணிப்பு. அந்த ஆண்டும் கடந்துவிட்டது.

இழந்த பின் தெரியும் அருமை

முறையாகப் பாதுகாக்காததால் உலகம் இழந்தவை பல. 1969ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் மனிதன் முதன்முதலில் நிலவில் கால்வைத்தான். நிலவிலிருந்து வந்த மூலச் சமிக்ஞைகள் காந்த நாடாக்களில் பதிவாயின. பல ஆண்டுகளுக்குப் பிறகு அவற்றைத் தேடியபோது அவை கிடைக்கவில்லை. நாடாக்களுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்ட காலத்தில் அவை அழிக்கப்பட்டு, வேறு பதிவுகளுக்கு மீண்டும் பயன்படுத்தப்பட்டிருக்கலாம் என்று அமெரிக்க விண்வெளி அமைப்பான நாசா 2009ஆம் ஆண்டில் தெரிவித்தது. நாம் இன்று பார்க்கும் காட்சிகள், அன்று தொலைக்காட்சியில் ஒளிபரப்பானவற்றின் படிகளிலிருந்து கிடைத்தவை. மூலப் பதிவு அவற்றைவிடத் தெளிவாக இருந்திருக்கும்.

தமிழ்த் திரையுலகின் இழப்பு நமக்கு இன்னும் நெருக்கமானது. தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ 1931ஆம் ஆண்டில் வெளிவந்தது. டி.பி. ராஜலட்சுமி அதில் கதாநாயகியாக நடித்தார். திரையில் முதன்முதலாகத் தமிழ் ஒலித்த அந்தப் படத்தின் ஒரு படிகூட இன்று கிடைப்பதில்லை. அதைப் பற்றிப் படிக்கலாம். ஆனால், பார்க்கவோ கேட்கவோ இயலாது.

சிங்கப்பூரிலும் இதே போன்ற இழப்பு உண்டு. இங்குள்ள கேத்தே-கெரிஸ் நிறுவனம் 1957ஆம் ஆண்டில் ‘பொந்தியானாக்’ என்னும் மலாய்த் திகில் படத்தைத் தயாரித்தது. அதை இயக்கியவர் இந்தியாவிலிருந்து வந்த பி.என். ராவ். மரியா மெனாடோ அதில் நடித்தார். மக்கள் திரண்டு வந்து பார்த்ததால் அடுத்தடுத்துத் தொடர்ச்சிப் படங்களும் வெளிவந்தன. 1958இல் வந்த மூன்றாவது படம் இன்றும் இருக்கிறது. மிகுந்த புகழைத் தேடித்தந்த முதல் படமோ தொலைந்துபோன படங்களின் வரிசையில் சேர்ந்துவிட்டது. புகழ் ஒன்று மட்டுமே ஒரு படத்தைக் காப்பாற்றிவிடாது என்பதற்கு இது சான்று.

காப்பகத்தில் நடக்கும் வேலை

சிங்கப்பூரில் தேசிய அளவிலான ஆவணக் காப்பகம் 1968ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. 1979ஆம் ஆண்டில் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு தொடங்கப்பட்டது. ஏட்டில் எழுதப்படாத வரலாற்றை, அதை வாழ்ந்து பார்த்தவர்களின் வாயாலேயே சொல்லவைத்துப் பதிவுசெய்வதே அதன் பணி. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் பட்ட துன்பம், கம்பத்து வாழ்க்கை, மறைந்துபோன தொழில்கள் எனப் பலவற்றைப் பற்றிப் பலதரப்பட்ட மக்கள் பேசினார்கள். தமிழில் பேசியவர்களும் அவர்களுள் அடங்குவர். அந்நாளில் அவை நாடாக்களில் பதிவுசெய்யப்பட்டன. அவற்றுள் பலவற்றை இன்று இணையத்தில் கேட்க முடிகிறது. பேசியவர்கள் பலர் இப்போது நம்மிடையே இல்லை. அவர்களுடைய குரல்கள் இருக்கின்றன.

நாடாவிலிருந்து இணையம் வரையிலான இந்தப் பயணம் எளிதானதன்று. முதலில் நாடாவில் பூஞ்சை, கிழிசல், பிசுபிசுப்பு உள்ளனவா என்று சோதிக்கிறார்கள். தேவைப்பட்டால் சுத்தம்செய்கிறார்கள். பிறகு, நாடாவுக்கு ஏற்றபடி கருவியைச் சரிசெய்கிறார்கள். அதன் பின்னரே மின்னிலக்கமாக்கும் வேலை தொடங்குகிறது. தரமான முறையில் ஒலியை ஒவ்வொரு நொடிக்கும் 96,000 முறை அளந்து எண்களாக மாற்றுவார்கள். கைப்பேசியில் பாட்டுக் கேட்கப் பயன்படும் எம்பி3 கோப்பு இதற்குப் போதாது. கோப்பின் அளவைக் குறைப்பதற்காக அது ஒலியின் சில பகுதிகளை விட்டுவிடும்.

இதில் பெரும் தடையாக இருப்பது நேரம். ஒரு மணி நேர நாடாவை மின்னிலக்கமாக்கக் குறைந்தது ஒரு மணி நேரம் ஆகும். தரம் குறையாமல் அதை விரைவாக ஓட்டி முடிப்பது அரிது. ஒரு காப்பகத்தில் 10,000 மணி நேரப் பதிவுகள் இருப்பதாகக் கொள்வோம். ஒரு கருவியை நாள்தோறும் எட்டு மணி நேரம், ஆண்டுக்கு 250 நாள் ஓட்டினால் 2,000 மணி நேரப் பதிவுகளையே முடிக்க முடியும். அனைத்தையும் முடிக்க ஐந்து ஆண்டுகள் ஆகும். அதுவரை கருவி பழுதாகக் கூடாது; நாடாக்களும் கெடக் கூடாது.

ஆகவே, காப்பகங்கள் எதை முதலில் காப்பாற்றுவது என்று முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. புகழ்பெற்ற பாடகர் ஒருவரின் இசைத்தொகுப்பும், சந்தையில் காய்கறி விற்ற ஒருவரின் நேர்காணலும் ஒரே நிலையில் கெட்டுக்கொண்டிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். பாடகரின் நாடாவே முக்கியமானது என்று முதலில் தோன்றலாம். ஆனால், அவருடைய பாடல்களின் படிகள் வேறு பலரிடம் இருக்கும். காய்கறி விற்றவரின் நேர்காணலுக்கு உலகில் வேறு படியே இருக்காது. அதனால், பதிவின் பெருமையை மட்டும் பார்ப்பது போதாது. அதற்கு வேறு படி உண்டா, அது எந்த அளவுக்குக் கெட்டிருக்கிறது, அதை ஓட்டும் கருவி இன்னும் எத்தனை நாள் கிடைக்கும் என்பனவற்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மின்னிலக்கமாக்கிவிட்டால் வேலை முடிந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. கணினியின் வன்தட்டும் ஒருநாள் பழுதாகும். கோப்பு வகைகளும் பழமையாகும். எனவே, ஒரே பதிவின் படிகளை வெவ்வேறு இடங்களில் வைத்து, அவை கெடாமல் இருக்கின்றனவா என்று அவ்வப்போது சோதித்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய சேமிப்புக் கருவிகளுக்கு மாற்றுகிறார்கள். மூல நாடாவையும் எளிதில் வீசிவிடுவதில்லை.

வீட்டிலும் ஒரு காப்பகம்

மீண்டும் அந்தப் பிஸ்கட் டின்னுக்கு வருவோம். அந்தக் குடும்பம் கொள்ளுத்தாத்தாவின் கேசட்டை என்ன செய்யலாம்?

முதலில், கேசட்டின் மேல் விளிம்பின் இரு ஓரங்களிலும் உள்ள சிறிய நெகிழித் தகடுகளை உடைத்துவிடலாம். அதன்பின் வழக்கமான கருவிகளில் அந்தக் கேசட்டின்மேல் வேறு எதையும் தவறுதலாகப் பதிவுசெய்ய முடியாது. ஆர்வத்தால், எங்கோ கிடைத்த பழைய கருவியில் உடனே போட்டு ஓட்டக் கூடாது. அழுக்கடைந்த கருவி நாடாவைச் சிக்கவைத்து இழுத்துவிடலாம். நாடாவில் வெள்ளைப் புள்ளிகளாகப் பூஞ்சை தெரிந்தால் வல்லுநரிடம் கொடுப்பதே நல்லது. வெயில் படும் சன்னலோரம், சமையலறை, ஒலிபெருக்கியின் அருகு ஆகிய இடங்களில் அதை வைக்கக் கூடாது. நல்ல கருவியில் ஓட்டிப் படியெடுத்தபின், அந்தக் கோப்பைக் குறைந்தது இரண்டு வெவ்வேறு இடங்களில் சேமிக்க வேண்டும்.

இவற்றைவிட அவசரமான வேலை ஒன்று உண்டு. கேசட்டின்மீது ‘அப்பா’ என்று எழுதியிருக்கிறது. யாருடைய அப்பா? எழுதியவருக்கு அது தெரியும், பாட்டிக்கும் தெரியும். பாட்டிக்குப் பிறகு யாருக்குத் தெரியும்? பெயர் தெரியாத குரல், முகவரி இல்லாத கடிதத்தைப் போன்றது. பேசியவர் யார், எந்த ஊர்க்காரர், எந்த ஆண்டில் எங்கே பேசினார், பதிவுசெய்தவர் யார் என்பனவற்றைப் பாட்டியிடம் கேட்டு எழுதி வைக்க வேண்டும். பதிவில் வரும் ஊர்ப் பெயர்களையும் உறவுப் பெயர்களையும் பேச்சு வழக்குச் சொற்களையும் விளக்கச் சொல்லிக் குறித்துக்கொள்ள வேண்டும். காப்பகங்களும் இதையே செய்கின்றன. விவரக் குறிப்பு இல்லாத பதிவு, இருந்தும் தேடிக் கண்டுபிடிக்க முடியாத பதிவாகிவிடும்.

ஒலி, ஒளிப் பதிவுகளின் அருமையை மக்களுக்கு உணர்த்துவதற்காக யுனெஸ்கோ ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 27ஆம் நாளை உலக ஒலி-ஒளி மரபுடைமை நாளாகக் கடைப்பிடிக்கிறது. ஆனால், பாட்டியிடம் பேசுவதற்கு அந்த நாள் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நாடாவைப் படியெடுக்கப் பணமும் கருவியும் தேவைப்படலாம். அந்தக் குரல் யாருடையது என்று எழுதி வைக்க ஒரு தாளும் பென்சிலும் போதும். நாடா இன்னும் சில காலம் பெட்டிக்குள் காத்திருக்கக்கூடும். அந்தக் குரலை அடையாளம் காட்டக்கூடியவர் அதுவரை நம்மோடு இருப்பார் என்று சொல்ல முடியாது.

அருஞ்சொற்பொருள்

ஆவணக் காப்பகம் – வரலாற்று மதிப்புள்ள பதிவுகளைச் சேர்த்துப் பாதுகாக்கும் இடம்
மின்னிலக்கமாக்குதல் – ஒலி, ஒளி, எழுத்து ஆகியவற்றை எண்களாக மாற்றிக் கணினியில் சேமித்தல்
வாய்மொழி வரலாறு – நிகழ்ச்சிகளை நேரில் அறிந்தவர் சொல்லப் பதிவுசெய்யும் வரலாறு
சமிக்ஞை – செய்தியைத் தாங்கி வரும் மின் அலை
மரபுடைமை – முன்னோரிடமிருந்து வழிவழியாகக் கிடைத்த செல்வம்

சிந்தித்துக் கலந்துரையாடுக

1. ‘பதிவுசெய்வது வேறு, பாதுகாப்பது வேறு’ என்னும் கூற்றைப் பனுவலில் உள்ள இரண்டு சான்றுகளைக் கொண்டு விளக்குக.
2. வெப்ப நாடுகளில் நாடாக்களையும் படச்சுருள்களையும் பாதுகாப்பது ஏன் கடினமாக இருக்கிறது?
3. பாடகரின் இசைத்தொகுப்பு, காய்கறி விற்றவரின் நேர்காணல் ஆகிய இரண்டில் ஒன்றை மட்டுமே காப்பாற்ற முடியும் என்றால், நீங்கள் எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்? காரணம் கூறுக.
4. உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ பழைய ஒலிநாடா, காணொளி நாடா, நிழற்படம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று இருந்தால், அதைப் பற்றி மூத்தோர் ஒருவரிடம் கேட்டறிந்து, விவரக் குறிப்பு ஒன்றை எழுதுக.